சண்டை போட்டுக்கொண்டே பத்து கிலோமீட்டர்

கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கிடந்தன. கட்டிலை விட்டு இறங்கக் காலைக் கீழே வைத்தவன், "ஐயோ" என்று மறுபடியும் மல்லாந்தான். கிடங்கில் ஐம்பது கிலோ மூட்டையோடு ஓடுகிறவன் என்பதால் எல்லாரும் அவனைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் புயல் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனது.

"நேத்து எவ்வளவு ஓடினீங்க?" தலை வாரிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ரெண்டு கிலோமீட்டர்."

"பந்தயம் பத்தாச்சே. மிச்ச எட்டை எங்கப்பா வந்து ஓடுவாரா?"

கிடங்குக்குப் புதிதாக வந்த மேலாளருக்கு ஓட்டப் பைத்தியம். பத்து கிலோமீட்டரை எழுபது நிமிடத்துக்குள் முடிக்கும் சுமைக்காரனுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பயிற்சி தருவதாக அறிவித்துவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் என்றால் மூட்டையை வண்டியே தூக்கும், உட்கார்ந்து பார்க்கிற வேலை. நாற்பத்திரண்டு வயதில், காலையில் நிமிரவே அரை மணி நேரம் கேட்கிற முதுகுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அவன் ஓடுவது லாரி இறக்குகிற மாதிரி. லாரி வந்து நின்றால் உயிரைக் கொடுத்து இறக்க வேண்டும். காலியானதும் நிழலில் காலை நீட்ட வேண்டும். மூட்டையோடு நிதானமாக நடந்தால் மூட்டை இன்னும் கனக்கும். இருபது வருஷமாக உடம்பு கற்றது அவ்வளவுதான். முதல் கிலோமீட்டரில் தெருநாய்கள் அவனிடம் தோற்றன. இரண்டாவதன் முடிவில் நடைபாதை ஓரம் உட்கார்ந்து, அடுத்த லாரிக்குக் காத்திருப்பவன் போல மூச்சு வாங்கினான்.

மனைவி சைக்கிளில் தபால் கொடுப்பவள். தினமும் நானூறு வாசல். "நானும் முதல் தெருவிலயே பறந்தா, கடைசித் தெருக்காரங்க கடிதாசியைக் கண்ணாலயே பார்க்க மாட்டாங்க," என்றாள். மறுநாள் முதல் சைக்கிளில் அவனோடு வந்தாள். அவள் போட்ட விதி ஒன்றே ஒன்று: ஓடிக்கொண்டே அவளோடு சண்டை போட வேண்டும். பதில் முழு வாக்கியமாக வந்தால் வேகம் சரி.

"உங்கக்கா கொண்டு போன தையல் மெஷின் என்னாச்சு?"

"அது... அவ..."

"குறைங்க வேகத்த!"

குறைத்தான். "அது அவ வீட்லதான்டி இருக்கு, வேணும்னா நீயே போய்க் கேளேன்!"

"ஆங், இதான். இப்படியே வாங்க."

ஆறு வாரம். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தின் எல்லாச் சண்டைகளும் தெருவுக்கு வந்தன. மூன்று கிலோமீட்டர் ஐந்தாயிற்று, ஐந்து ஒன்பதாயிற்று. மூலை வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "எப்பதாம்மா சமாதானமாவீங்க?" என்று கேட்டார்.

"பத்து கிலோமீட்டர் ஆகட்டும் சார்!" என்றாள், மிதிப்பதை நிறுத்தாமல்.

பந்தயத்தில் சைக்கிளை உள்ளே விடவில்லை. விசில் ஊதியதும் கூட்டம் பறந்தது. அவன் காலும் லாரி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பறந்தது. ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. சண்டை போடவோ ஆளில்லை. பக்கத்தில், மேலாளருக்குப் பயந்து ஓட வந்த கிடங்கு மேஸ்திரி, தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"மேஸ்திரி... போன மாசம்..." வாக்கியம் வரவில்லை. வேகத்தைக் குறைத்தான். "போன மாசம் மூணு ஞாயித்துக்கிழமை எனக்கு மட்டும் ஏன் மேஸ்திரி வேலை போட்டீங்க?"

முழுசாக வந்துவிட்டது.

"டேய், இதப் பேசுற இடமாடா இது?"

"வேற எங்க பேச விட்டீங்க? கிழிஞ்ச கையுறைய மாத்தித் தரச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன்? ஃபேன் ஏன் உங்க மேசையப் பார்த்து மட்டும் சுத்துது?"

மேஸ்திரியும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பதில் சொல்வதற்காகவே கூட ஓடினார். ஏழாவது கிலோமீட்டர் பலகையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னாலிருந்து துண்டு துண்டாக அவர் குரல் வந்தது.

"மழை அன்னிக்கு... நீ போட்டு உடைச்சியே... கண்ணாடிப் பெட்டி... வரும்போதே உடைஞ்சிருந்துச்சுன்னு... எழுதினது யாருடா?"

புயலுக்கு மூச்சு தாராளமாக இருந்தது. வாக்கியம்தான் வரவில்லை. வேலை போகாமல் தப்பியதை இத்தனை நாள் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தான். நின்று பேச நேரமில்லை. மீதி மூன்றையும் அதே சீரில் ஓடினான். அறுபத்தெட்டு நிமிடம்.

"யாரோட சண்டை போட்டீங்க?" மனைவி தண்ணீரை நீட்டினாள்.

"மேஸ்திரியோட."

"ஜெயிச்சது யாரு?"

அவன் தண்ணீரைக் குடித்தான்.

திங்கட்கிழமை ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தான். மேஸ்திரி நொண்டிக்கொண்டே வந்து, "மெதுவா எடுடா, சுவத்த இடிச்சிடாத," என்றார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். "பேட்டரி சார்ஜ் இருக்கா மேஸ்திரி?" என்று வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்காக மேஸ்திரிக்கு அவன் சொல்ல வேண்டிய நன்றி இன்னும் பாக்கி.