உத்திரக்கல்

உமாராணி அன்று மண்டபத்துக்கு வந்தது சித்தாள் வேலைக்கு இல்லை. அந்தக் கல் அசையாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்தாள். வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். அதனால் சொல்லவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டோரத்துப் பழைய கல்மண்டபம் அது. போன ஆடியில், அதைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிற வேலையில், உத்திரக்கல் ஒன்று சரிந்து அவள் புருஷன் சுடலைராஜின் இடுப்பில் விழுந்தது. உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டான். பனஞ்சட்டம் போட்டு நெம்பிவிடலாம் என்று கொத்தனார் மாரிச்செல்வம் ஆட்களைக் கூப்பிட்டார். சாந்துச் சட்டியோடு நின்ற உமாராணிதான் குறுக்கே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி, வழுக்கினா செத்துப்போயிருவாவ. கிரேன் வரட்டும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல சாரல். ஊர்ப்பட்ட காரும் வேனும் அருவிக்குப் போக வரிசை கட்டி நின்றன. கிரேன் வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. சுடலைராஜ் இரண்டு மணி நேரம்தான் இருந்தான்.

அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. சோறு வைத்தால் தின்றாள், எழுந்திரு என்றால் எழுந்தாள். யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்தக் கல்லைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். இடையில் மண்டபத்தை ஒட்டிப் புதிதாக மின்கம்பி இழுத்துவிட்டார்கள், கிரேன் கை நீட்ட முடியாது. அந்தக் காலத்தில் கட்டினவர்களிடம் மட்டும் கிரேனா இருந்தது? நெம்பி, கட்டை கொடுத்து, மண்ணைச் சாய்வாகக் கொட்டி, அதன் மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். நாமும் அப்படியே செய்வோம் என்றார் மாரிச்செல்வம்.

அன்றைக்கு இருந்த அதே எட்டுப் பேர், அதே கல். இன்று எழும்பவில்லை என்றால் அன்றும் எழும்பியிருக்காது. அவளுக்கு அது போதும்.

"எம்மா, நீ எதுக்கு இங்கன வந்த? வீட்டுக்குப் போ," என்றார் மாரிச்செல்வம்.

"பாத்துட்டுப் போறேன் அண்ணாச்சி," என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு இரண்டு பனஞ்சட்டங்களின் நுனியைக் கல்லுக்கு அடியில் செருகச் சொன்னார். ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் அண்டை கொடுக்கிற துண்டுக்கல்லை அவரே குனிந்து வைத்தார்.

"ஏலே, தொங்குங்கலே!"

சட்டத்துக்கு நாலு பேராகத் தொங்கினார்கள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, கல் மசியவில்லை. மூன்று தடவை பார்த்தார்கள்.

"விடுங்கலே, எந்திக்காது," என்று தேவைக்கு மேல் சத்தம் போட்டார் மாரிச்செல்வம். "கரண்ட நிறுத்தச் சொல்லிட்டு கிரேனத்தான் கொண்டாரணும். அன்னைக்கும் இப்படித்தான் ஆயிருக்கும்."

ஆறு மாதத்தில் முதல் தடவையாக உமாராணிக்கு மூச்சு லேசாக வந்தது. எழுந்து சேலையைத் தட்டினாள். பாவி, அப்படியே போயிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் சித்தாளாக இருந்த கண், போகிற போக்கில் அந்தத் துண்டுக்கல்லைப் பார்த்துவிட்டது. உத்திரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. அவ்வளவு தள்ளி அண்டை கொடுத்தால் ஊரே தொங்கினாலும் கல் எழும்பாது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். முப்பது வருஷக் கொத்தனாருக்குத் தெரியாதா? எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் குனிந்து துண்டுக்கல்லை உத்திரத்தை ஒட்டித் தள்ளினாள். அடுத்த சட்டத்தின் கல்லையும் போய்த் தள்ளினாள்.

"வேண்டாம் தாயி." மாரிச்செல்வம் குறுக்கே வந்து நின்றார். "வீட்டுக்குப் போயிரு."

"தொங்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

யாரும் அசையவில்லை. அவளே போய்ச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருத்தன் வந்து கை போட்டான். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

கல் எழுந்தது. ஒருத்தன் கட்டையைச் செருகினான். இன்னொரு தரம் தொங்கினார்கள், இன்னொரு கட்டை. கடையிலிருந்து வந்திருந்த டீ ஆறுவதற்குள் கல்லுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தது.

உமாராணி உட்கார்ந்து அதற்குள் பார்த்தாள்.

"ஒரு ஆள இழுக்க இது போதும்லா அண்ணாச்சி?"

மாரிச்செல்வம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் விடுவதாக இல்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் தாயி," என்றார்.