குறி உதிர்ந்த எண்கள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் இயற்பியலாளரின் சூத்திரம் பதினோரு ஆண்டுகளாக ஒரே வாக்கைத்தான் கொடுத்து வந்தது: இதுவரை யாரும் உண்டாக்காத ஒரு கனத்த அணுக்கரு, உடனே சிதறாமல் சில ஆண்டுகள் நிலைத்திருக்கும். அணுக்கருவை நீர்த்துளியாகப் பாவித்து, உள்ளிருக்கும் அடுக்குகளுக்கும் திருத்தம் சேர்த்து, துகள்களைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றலைச் சொல்லும் சூத்திரம் அது. அதை நம்பித்தான் துகள் முடுக்கி நிலையம் அந்தக் கருவைத் தேட அடுத்த மாதம் மூன்று வாரம் ஒதுக்கியிருந்தது. அதற்கடுத்த மாதம் அக்காவுக்குப் பணி ஓய்வு.

அன்று காலை தசமம் கதவருகே வந்து நின்றார். அவர்தான் நிரல் எழுதுபவர். தும்மினாலும் நாலு தசமம் வரை கணக்குச் சொல்வார் என்று கேலி செய்து வைத்த பெயர்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்ட எனக்கு நேரமில்ல. உக்காந்து சொல்லு."

அவர் உட்காரவில்லை. "சூத்திரத்துக்குக் குடுத்த அணு எடை அட்டவணையில அளந்த எண்ணும் இருக்கும், ஊகமும் இருக்கும்ல? ஊகத்துக்குப் பக்கத்துல ஒரு குறி போட்டிருப்பாங்க. அந்தக் குறி வந்தா நிரல் நின்னுடும். அதனால குறியை மட்டும் எடுத்துட்டேன்."

"எப்போ?"

"முதல் வருஷமே. அது எவ்வளவு பெரிய தப்புன்னு நேத்துதான் பாத்தேன்."

எண்ணூறு ஊகங்களை அளவீடு என்று நம்பிச் சூத்திரம் பாடம் கற்றிருந்தது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதை.

"ஊகத்தை நீக்கிட்டு ஓட்டிப் பாத்தியா?"

"மூணு தடவை. அந்தக் கரு கண் இமைக்கிற நேரம்கூட நிக்கல, அக்கா."

"நாலு தசமம் சொல்லலையே நீ."

சிரிக்கப் பார்த்த அவர் முகம் கோணிப் போயிற்று. அக்கா ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, முடுக்கி நிலையத் தலைவருக்குப் போன் செய்தார். தேடலை நிறுத்தச் சொன்னார்.

"யாரு பண்ணின கூத்து இது?" என்ற குரல் தசமத்துக்கும் கேட்டது.

"அட்டவணையைச் சரிபார்க்க வேண்டியவ நான். பார்க்கல."

அது பொய்யுமல்ல. மாலைக்குள் அந்த மூன்று வாரமும் வேறொரு குழுவுக்குப் போய்விட்டது.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கரு நிக்குமா? உனக்கு இன்னும் பன்னெண்டு வருஷ சர்வீஸ் இருக்கு."

இன்னொருவர் ஏமாறக் கூடாதென்று, சூத்திரத்தை வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தோடு அந்த எண்ணூறு ஊகங்களையும் பட்டியலிட வேண்டும். இழந்தது எதுவும் அதனால் திரும்பாது. தசமம் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தார். கடவுள் அந்த அறைக்கு அனுப்பிய உதவி அவ்வளவுதான்.

"இது அளந்ததா?"

"இல்ல, அக்கா."

"அடுத்தது."