இருபத்திரண்டு டிகிரியில் தேங்காய் எண்ணெய்

1

இந்தக் கதை ஒரு தட்டச்சுப் பிழையில் பிறந்தது என்று தொடங்கினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். பிழையே இல்லாமல் நான் அடித்த இரண்டு வரிகளில்தான் இது பிறந்தது. வயிற்றெரிச்சலும் அதுதான்.

2002இல் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் (பெயர் சொல்ல மாட்டேன், எனக்குப் பென்ஷன் வேண்டும்) மூட்டுவாதப் பிரிவில் நான் டைப்பிஸ்ட். டாக்டர்கள் கூடிப் பேசுவதை விதிகளாக அடித்துக் கொடுப்பது என் வேலை.

2

(முதல் வரைவு: "பொன்னம்மையின் விரல்கள் மல்லிகை மொட்டுகளாய்..." வெட்டிவிட்டேன். அவை காய்ப்புக் காய்த்த விரல்கள்.)

பொன்னம்மை சாலைக் கடைவீதியில் ஒரு ஜூஸ் கடையில் ஐஸ் உடைப்பவள். ஊர் மார்த்தாண்டம் பக்கம், நாற்பது வயது, தனிக்கட்டை. ஐஸைத் தொட்டால் அவள் விரல்கள் வெளுக்கும், பிறகு நீலம் பாரிக்கும். அது வெறும் குளிர்த் தொல்லையாக இருக்கலாம். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

எது என்று அறிய, நகக்கண்ணில் எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மெல்லிய ரத்தக் குழாய்கள் ஹேர்பின்களை வரிசையாகக் குத்தியதுபோலத் தெரியும். எங்கள் விதிப்படி, ஒரு மில்லிமீட்டரில் ஏழு குழாயாவது இருக்க வேண்டும். குறைந்தால் கவலைப்படலாம்.

தொல்லை என்னவென்றால், ஒரு டாக்டர் மோதிர விரலைப் பார்ப்பார். இன்னொருவர் கையில் அகப்பட்ட விரலைப் பார்ப்பார். ஒரே ஆளுக்குத் திங்கட்கிழமை நோய் இருக்கும், புதன்கிழமை இருக்காது. எல்லாரும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்றுதான் கமிட்டி போட்டார்கள்.

3

கமிட்டி என்றால் இரண்டு பேர். வலியசாலை அக்ரஹாரத்து டாக்டர் பிச்சுமணி. ஆரியசாலையில் பிறந்து மலையாளத்தில் படித்த டாக்டர் அஜிதா.

முதல் கூட்டத்தில் அறை இருபத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும், நோயாளி கால்மணி நேரம் அங்கே உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. ஏசி வந்தது. மூன்றாம் கூட்டத்தில் எண்ணெய்.

"நுண்ணோக்கிக்குன்னு வர்ற ஃபாரின் எண்ணெய்க்கு எங்கே போறது? இங்கே கெடைக்கறதைப் போடுங்கோ," என்றார் பிச்சுமணி. "தேங்காயெண்ணெயை விடத் தெளிவா என்ன இருக்கு?"

கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு தேங்காய் எண்ணெயை யார் எதிர்த்துப் பேசுவது? நேரம் மிச்சம் என்று, நர்ஸ் வராந்தாவிலேயே விரலில் சொட்டு விட்டு ஆளை உள்ளே அனுப்புவதாகவும் ஏற்பாடு. விதி ஒன்று குளிர், விதி ஆறு எண்ணெய். இரண்டும் ஒரே பக்கத்தில். ஓரம் கோணாமல் நான்தான் அடித்தேன்.

அடிக்குறிப்பு: மார்கழிக் காலையில் எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் வைக்காத வீடு இந்த ஊரில் உண்டா? எல்லாருக்கும் தெரியும். குளியலறையில் தெரிந்தது கமிட்டி அறைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

4

பொன்னம்மை விதிப்படி கால்மணி நேரம் குளிரில் உட்கார்ந்தாள். பிச்சுமணி குனிந்து எண்ணினார். ஒரே மூட்டம், நடுவில் மூன்று. சீட்டில் நோய் என்று எழுதினார், ஐஸ் வேலை கூடாது என்றார். நான் சீல் குத்தினேன். அவள் அன்றைக்கே வேலையை விட்டாள்.

அந்த வாரம் வந்த பதினொரு பேருக்கும் நோய். அஜிதாவுக்குச் சந்தேகம் வந்து என் விரலைப் பார்த்தார். நாள் முழுக்க அந்த அறையில் இருந்து என் கையும் மீன்போல் குளிர்ந்திருந்தது. எனக்கும் மூன்று.

அவர் என் நகக்கண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தீனம் ஒண்ணும் இல்ல கேட்டோ. எண்ணெ கட்டியாயிட்டு."

"நல்லெண்ணெய்னு அப்பவே யாராவது சொல்லியிருக்கப்படாதோ," என்றார் பிச்சுமணி. தேங்காய் எண்ணெயைச் சொன்னது யார் என்று மினிட்ஸில் இருக்கிறது.

5

இந்த இடத்தில் பொன்னம்மையை அழவைத்துப் பார்த்தேன். அவள் சம்மதிக்கவில்லை. நடந்ததையே எழுதுகிறேன்.

நான் அவளுடைய வாடகை வீட்டுக்குப் போய், அந்தச் சீட்டு செல்லாது என்றேன்.

"அப்போ எனக்குத் தீனம் இல்லியா?"

"அப்படியும் சொல்ல முடியாது. திரும்பப் பாக்கணும்."

"தெரியாததுக்கு எதுக்கு சாரே சீல் குத்தித் தந்திய? அத நம்பில்லா வேலைய விட்டேன். இப்ப அங்க வேற ஆளு நிக்குது."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பகுதியை விட்டுவிட நினைத்தேன். (சமாதானமாக நான் சொன்னது: "விதியில்..." வேண்டாம்.)

6

வியாழக்கிழமை பொன்னம்மை திரும்ப வந்தாள். இந்தத் தடவை நல்லெண்ணெய். அஜிதா நுண்ணோக்கியில் குனியப் போனார்.

"மொதல்ல நான் பாக்கட்டு," என்றாள் பொன்னம்மை. "என் வெரலாக்கும்."

"அதெல்லாம் வழக்கமில்லையே," என்று பிச்சுமணி என்னைப் பார்த்தார். யார் முதலில் பார்க்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அடித்தவன் எனக்குத் தெரியாதா? இல்லை என்று சொன்னேன். அஜிதா நாற்காலியை விட்டு எழுந்தார்.

பார்த்துப் பழகுவதற்கு முதலில் என் விரல். "கொண்டை ஊசி மாதி இருக்கு. ஒம்பது," என்றாள். பிறகு தன் மோதிர விரலை வைத்தாள்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவள் மறுநாளே பழைய கடைக்குப் போய்ச் சண்டைபோட்டு வேலையை வாங்குகிறாள். மற்றதில் அவள்...

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவளுக்குத் தெரியும் முன்பே அவள் முடிவை ஒருதரம் சீல் குத்திக் கொடுத்தவன் நான். அது போதும்.

பொன்னம்மை ஒரு கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக எண்ணுகிறாள். ஒண்ணு. ரெண்டு. மூணு, நாலு. கொஞ்சம் நிறுத்தி, அஞ்சு. ஏழுக்கு இன்னும் இரண்டு வேண்டும்.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் இன்னும் நிமிரவில்லை. மிச்சத்தை நீங்கள் அவளோடு எண்ணுங்கள்.