ஒடியல் கூழ் பூசிய கூரை

வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் கத்தும். ஆகவே கொளுத்தாத கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய மோட்டார்ஹோம் நிற்கிறது. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. கூரை ஜன்னலைச் சுற்றி ஒழுக்கும் உண்டு. போன மே மாத மழையில் என் மனைவி கலாவதியின் தலையணை நனைந்ததும் தீர்ப்பு வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, அடுத்த மழைக்கு ஒரு துளி விழுந்தாலும் இது ஸ்கிராப்புக்குத்தான்."

"ஒரு துளிக்குமா?"

"அரைத் துளிக்கும்."

பழைய வண்டி என்றதும் கராஜ்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள். நானே பழகிக்கொண்டேன். ஜூலை மாதம் ஒருநாள், யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் காட்டியபடி ஏணி வைத்து ஏறி, வெடித்துப்போன பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டுப் புதுப் பசையைப் பிதுக்கினேன். ஜன்னலின் மூன்று பக்கம் முடிந்தது. நாலாவதற்குப் பசை இல்லை. கடை பூட்டியாயிற்று. குறோய்டன் பக்கமிருந்து கருமுகில் வருகிறது.

பக்கத்து வீட்டு ஜீவரத்தினம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வண்டி தன் வீட்டு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அவருக்குக் கவலை.

"அண்ணை, ஸ்கிராப்காரன்ரை நம்பர் தரட்டே?"

"வேண்டாம் தம்பி. வீட்டிலை கூழ் இருக்கு."

பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் ஆறினால் சட்டியோடு எப்படி ஒட்டும் என்று கழுவியவர்களுக்குத் தெரியும். கலாவதி மத்தியானம் நண்டு போட்டுக் காய்ச்சியதில் மிச்சம் இருந்தது. நாலாம் பக்கத்தில் அப்பிவிட்டு, வீணாக்குவானேன் என்று மீதியைக் கூரை முழுவதும் தடவினேன். நண்டை எடுத்துவிட்டுத் தடவியிருக்க வேண்டும்.

மழை கொட்டத் தொடங்கியது. இருவரும் வண்டிக்குள் ஏறினோம். கலாவதி கட்டிலின் நடுவே ஓர் எவர்சில்வர் சட்டியை வைத்து, நீதவான் போலப் பக்கத்தில் அமர்ந்தாள். நண்டு மணத்துக்குத் தேம்ஸ் ஆற்றுக் கடற்புறாக்கள் திரண்டு வந்து கூரையில் இறங்கின. இறங்கியவற்றின் கால் ஒட்டிவிட்டது. பயத்தில் எல்லாம் ஒன்றாகச் சிறகடிக்க, வண்டி மெல்ல எழும்பியது.

"என்ன, வண்டி ஓடுறியளோ?" என்றாள் கலாவதி.

"இல்லையப்பா. ஹாண்ட்பிரேக் போட்டிருக்கு."

அது உண்மை. கோலியர்ஸ் வுட்டுக்கு மேலால் போனபோது, பஸ்ஸின் மேல் தட்டிலிருந்து ஒருவர் கை காட்டினார். மரியாதைக்கு நானும் காட்டினேன். கலாவதி ஜன்னலைத் திரும்பியும் பார்க்கவில்லை, சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

ஒட்டியிருந்த கூழைக் கொத்தித் தின்று, கடற்புறாக்கள் ஒவ்வொன்றாகக் காலை உருவிக்கொண்டு பறந்தன. அவை குறையக் குறைய நாங்கள் பதிந்து, கடைசியில் எங்கள் வாசலிலேயே இறங்கினோம். ஜன்னலோரக் கூழ் மட்டும் அதற்குள் சீமெந்தாக இறுகியிருந்தது.

ஜீவரத்தினம் குடையோடு நின்றார். "எங்கை போட்டு வாறியள் அண்ணை?"

"சும்மா, ஒரு சுத்து."

கலாவதி சட்டிக்குள் விரலை விட்டுத் தடவினாள். சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள். தலைப்பு காய்ந்தே இருந்தது.

"சரி, நிக்கட்டும்," என்றாள்.

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அந்தக் கட்டிலிலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டேன். தலையணை என்ன சுகம்!

கை இன்னும் கற்பூரத்தின் மேல் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஜூலை முழுவதும் லண்டனில் ஒரு துளி மழையும் பெய்யவில்லை. தோட்டத்துக்குக் குழாயால் தண்ணீர் விடக்கூடத் தடை போட்டிருந்தார்கள்.