ஏழு இடத்தில் இரண்டு விரல்

தையல் கடை மாஸ்டரிடம் அளவைப் பற்றி மட்டும் யாரும் வாய் கொடுப்பதில்லை. ஆள் படியேறி வரும்போதே இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவார். பிறகு டேப்பை வைத்துப் பார்த்தால் அதே எண்தான் வரும். முப்பது வருடமாக அவர் கழுத்தில் தொங்கும் மஞ்சள் டேப் குளிக்கும்போது மட்டும்தான் கீழே இறங்கும் என்று அவர் மனைவி சொல்வாள். குளியலறைக் கதவின் கொக்கியில் அது தொங்குவதைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள்.

அப்படிப்பட்டவர் தன் சொந்த மனையை அளந்தபோது பத்தரை அங்குலத்தைக் காணவில்லை.

கடை இருந்த வாடகைக் கட்டடத்தை இடிக்கப் போவதாக உரிமையாளர் சொல்லி, ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். பதினான்கு மெஷின்கள், பதினோரு பெண்கள், மூன்று பள்ளிக்கூடத்துக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கும் தைக்க வேண்டிய சீருடைகள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டும். நல்லவேளையாக, பதினோரு வருடத்துக்கு முன்னால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிப் போட்ட மனை ஒன்று இருந்தது. கீழே வாடகைக்கு இரண்டு கடை, நடு மாடியில் தையல் கூடம், மேல் மாடியில் யாருக்காவது ஆபீஸ். இதுதான் திட்டம். ஒரு தடவைதான் கட்ட முடியும். தப்பாகப் போனால் பிரித்துத் தைப்பதற்கு இது ரவிக்கை இல்லை.

பத்திரத்தில் மனையின் அகலம் நாற்பது அடி என்று இருந்தது. ஒரு பக்கம் சந்தின் ஓரமாக எல்லைக் கல், மறு பக்கம் டயர் கடைக்காரரின் சுவர். மாஸ்டர் தன் மஞ்சள் டேப்பால் தரையில் குந்தி அளந்தார். முப்பத்தொன்பது அடி, ஒன்றரை அங்குலம். நம்பாமல் மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார். ஒரு நூல் பிசகாமல் அதே கணக்குதான். கல்லுக்குக் கால் கிடையாது, ஆகவே சுவர்தான் நகர்ந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

டேப்பைச் சுருட்டிய கையோடு டயர் கடைக்குப் போனார். நான்கு வாடிக்கையாளர்களுக்கு நடுவில், எங்கள் மண் பத்தரை அங்குலம் உங்கள் சுவருக்குள் இருக்கிறது, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டார். டயர்க்காரர் கையில் ஒரு சக்கரம் இருந்தது. சரியாக அளந்து பாருங்கள் மாஸ்டர் என்று மட்டும் சொன்னார். அளந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று மாஸ்டர் எகிறினார். அவர் பதில் பேசாமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். குற்றம் உள்ள மனசுதான் வாயை மூடிக்கொள்ளும் என்று மாஸ்டர் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் இருவரும் பேசவில்லை. எதிரெதிரே வந்தால் மாஸ்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

இதற்கு நடுவில்தான் ஆர்க்கிடெக்ட் தேடும் படலம். முதலாமவரின் ஆபீஸில் ஏசி போட்ட போட்டில் மாஸ்டரின் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் மனையை வந்து பார்க்கவே இல்லை. முகப்பு முழுவதும் கண்ணாடி வைத்து, வாசலில் நான்கு காரும் ஆறு மரமும் நிற்கிற படம் ஒன்றை மட்டும் காட்டினார். அந்தத் தெருவில் ஒரு கார் நின்றாலே பஸ் போக முடியாது. கட்டடத்தில் தையல் மெஷின் எங்கே என்று அவள் கேட்டாள். அதெல்லாம் உள்ளே வந்துவிடும் என்றார்.

இரண்டாமவர் மச்சான் பிடித்துக் கொண்டுவந்தவர். மனைவியின் தம்பியான அந்த மச்சானுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். யாரைப் பற்றியும் எதுவும் தெரியாது. அந்த ஆர்க்கிடெக்ட் காரின் கண்ணாடியை மட்டும் இறக்கி மனையைப் பார்த்தார். மூன்று மாடி என்ன, நான்கே எழுப்பலாம், ஆனால் முதலில் அந்தப் பத்தரை அங்குலத்துக்கு வழக்குப் போடுங்கள் என்றார். தெரிந்த வக்கீல் ஒருவரையும் காட்டினார். மனு தட்டச்சாகி வந்து மாஸ்டரின் சட்டைப் பையில் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வழக்கே வேண்டாம் என்றாள் மனைவி. அவள் டயர்க்காரருக்காகப் பரிந்து பேசவில்லை. வழக்கென்று வந்தால் தடை உத்தரவு வரும், கட்டடம் எழும்பாது, தவணை முடிந்து மெஷின்களைத் தெருவில் இறக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அவள் கவலை.

"பத்தரை அங்குலத்துக்காகப் பதினோரு பேரைத் தெருவுல நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"அளவுன்னா அளவுதான்," என்றார் மாஸ்டர். முடிந்தது கதை.

முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சீருடை கொடுக்கப் போன இடத்தில், கால் வலி, கால் வலி என்று முன்பெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த நர்சுகள் புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு வாயே திறப்பதில்லை என்பதை அவள் கவனித்தாள். இங்கே பாதி நடைதான் என்றார்கள். இதை வரைந்தது யார் என்று கேட்டு விலாசம் வாங்கி வந்தாள். அப்படிக் கிடைத்தவர்தான் மூன்றாவது ஆர்க்கிடெக்ட், ஓர் அம்மா. ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரே அறை ஆபீஸ், மேஜையில் பாதி இடத்தைச் சுருட்டிய காகிதங்கள் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த அம்மா முதலில் தையல் கடைக்கு வந்தார். அயர்ன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை நாள் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்த்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துணிக்கட்டின் மேல் வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவதையும் பார்த்தார். பதினோரு பேருக்கு எத்தனை கழிவறை என்று கேட்டார். ஒன்று என்று மாஸ்டர் சொன்னபோது, அது குறைவு என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. இதெல்லாம் சரி. ஆனால் கடைசியில் மாஸ்டர் மனையின் அளவு எழுதிய சீட்டை நீட்டியபோது, அந்த அம்மா அதைக் கையில் வாங்கவே இல்லை.

"நான் அளக்காத இடத்துல நான் கோடு போட மாட்டேன் மாஸ்டர். சனிக்கிழமை காலையில வரேன்."

மாஸ்டருக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. என் டேப்பையே சந்தேகப்படுகிற ஆள் நமக்கு வேண்டாம் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றார். சந்தேகப்படுகிற ஆள்தான் வேண்டும் என்று மனைவி இரண்டு காலிலும் நின்றாள். சனிக்கிழமை மூவரும் மனைக்குப் போனார்கள். மண் பார்க்கக் குழி தோண்டுவதற்கு ஒருவரையும் அந்த அம்மா கூட்டி வந்திருந்தார்.

இரும்பு டேப்பின் ஒரு முனையை மாஸ்டர் எல்லைக் கல்லில் பிடித்துக்கொள்ள, அந்த அம்மா சுவர் வரைக்கும் இழுத்துப் போனார். நாற்பது அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உங்கள் டேப்பில் கோளாறு என்றார் மாஸ்டர். அந்த அம்மா கோபப்படவில்லை. மஞ்சள் டேப்பையும் இரும்பு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஐந்து அடி ஒன்றுபோலத்தான் இருந்தது. சரி, உங்கள் டேப்பாலேயே அளந்து காட்டுங்கள், நான் பார்க்கிறேன் என்று அவரும் தரையில் குந்தினார்.

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். டேப்பை விரித்து, முனையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, அடுத்த ஐந்து அடிக்கு நகர்ந்தார். மறுபடி கோடு, மறுபடி நகர்வு. மூன்றாவது கோட்டில் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்:

"அந்த ரெண்டு விரல் எதுக்கு மாஸ்டர்?"

"எந்த ரெண்டு விரல்?"

தன் கையைத் தானே பார்த்தார். கோட்டைத் தாண்டி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டினாற்போல மண்ணில் படிந்திருந்தன. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் டேப்பின் அடுத்த முனை தொடங்கியது.

"அது... தையலுக்கு விடுறது," என்றார். சொல்லி முடிக்கும்போதே விரல்களை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்.

துணியில் ஒரு துண்டை வெட்டக் கோடு போட்டால், ஓரம் மடித்துத் தைக்க இரண்டு விரல் விட்டுவிட்டுத்தான் அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும். முப்பது வருடமாக அவர் மூளையைக் கேட்காமலே கை செய்கிற வேலை அது. நாற்பது அடியில் அப்படி ஏழு இடம். இடத்துக்கு ஒன்றரை அங்குலம். பத்தரை அங்குலம் டயர்க்காரர் சுவருக்குள் போகவில்லை. மாஸ்டரின் விரலுக்கு அடியில்தான் இருந்தது.

"மண்ணுக்கு எதுக்குங்க தையல்?" என்றாள் மனைவி. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "மூணு தடவை அளந்தும் ஒரே கணக்கு வந்துச்சுன்னு சொன்னீங்களே. ஏழு இடத்துலயும் விரல் ஒரே மாதிரி விழுந்தாத்தான் அப்படி வரும். இந்தக் கை என் கொத்தனாருக்கு இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்," என்றார்.

மூக்கு உடைந்த மனுஷனுக்கு அந்தப் பேச்சு மருந்து மாதிரி இருந்தது. இருந்தாலும் நான்கு மாதத்துக் கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா? மேலே அளவு சரியாக இருக்கலாம், மண்ணுக்கு அடியில் என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று முணுமுணுத்தார். எப்படியும் பார்க்கத்தான் போகிறோம், பக்கத்துச் சுவர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியாமல் நம் அஸ்திவாரத்தை வரைய முடியாது என்று அந்த அம்மா சுவரோரமாகவே குழி தோண்டச் சொன்னார். அஸ்திவாரம் எப்போதும் சுவரைவிட அகலமாக இருக்கும், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டுதான் இருக்கும் என்றும் விளக்கினார். டயர்க்காரர் சிக்கிவிடுவார் என்று மாஸ்டருக்கு நம்பிக்கை வந்தது. குழியின் விளிம்பில் போய் நின்றுகொண்டார்.

முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம் என்று குழி இறங்கியது. சுவர் நேராகக் கீழே போனது. அஸ்திவாரம் வந்தது, அதுவும் சுவரின் முகத்தோடு ஒட்டி நேராகவே நின்றது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே குழிக்குள் இறங்கி, கையால் தடவிப் பார்த்தார்.

"மாஸ்டர், இவர் மொத்த அஸ்திவாரத்தையும் அவர் பக்கமே திருப்பிப் போட்டிருக்காரு. இப்படிப் போட்டா கம்பி அதிகம் பிடிக்கும், வேலையும் கஷ்டம். அப்போ இது காலி மனை. உங்க பக்கம் நீட்டியிருந்தாலும் கேக்க ஆளில்ல. ஆனா ஒரு விரல்கூட நீட்டல."

மாஸ்டர் அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால் தான் கேட்ட கேள்வி அவர் காதிலேயே திரும்ப ஒலித்தது. பதில் பேசாமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போன முதுகு கண்முன் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேலே, இன்னும் இரண்டு நாள் கழித்து இந்த அம்மா வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் சீட்டை வாங்க மறுத்த அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குப் பதிலாக அந்தக் கையைப் பிடித்துக் குழியிலிருந்து மேலே ஏற்றிவிட்டார்.

"ரொம்ப நன்றி மேடம். நீங்களே வரைஞ்சு குடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க அஸ்திவாரமும் அவர் பக்கம் போகக் கூடாது."

செலவு கூடும், கீழ்க் கடையில் தூண் கொஞ்சம் உள்ளே தள்ளி வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா.

"யோசிச்சாச்சு. அவர் யாரும் பாக்காதப்பவே செஞ்சாரு. நாங்க பாத்துட்டும் செய்யாம இருந்தா நல்லா இருக்காது."

மனைவி அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவளுக்குப் பிடித்த பேச்சுகளை விரல் விட்டு எண்ணலாம். இன்றைக்கு ஒன்று கூடியது. இப்படி ஓர் ஆள் கண்ணில் பட்டதற்கு அவள் அந்த நர்சுகளை மனசார வாழ்த்தினாள். மாஸ்டர் பையிலிருந்து மனுவை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, காலருக்கு மாதிரி வெட்ட ஆகும் என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டயர் கடையில் அன்றைக்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாமா என்று மாஸ்டர் ஒரு நிமிடம் நினைத்தார். நாலு பேர் முன்னால் கேட்டதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளே போனார்.

"அண்ணே, தப்பு என்னோடதுதான். உங்க சுவர் சரியா இருக்கு. அடியிலயும் பாத்துட்டோம்."

டயர்க்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "அடியில வரைக்கும் போயிட்டீங்களா?" என்றார்.

"அன்னைக்கே அஸ்திவாரத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"நீங்க டேப்போட வந்தீங்க மாஸ்டர். டேப் வச்சிருக்கும்போது நீங்க யார் சொல்லியும் கேக்க மாட்டீங்க. என்னைக்காச்சும் கட்டத் தோண்டுவீங்க, அப்போ தெரியும்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, காலரை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார். மாஸ்டரின் கண் அங்கே போனது. புதுச் சட்டை. கழுத்தைச் சுற்றிச் சிவந்து ஒரு தடம். கிட்டப் போய்க் காலருக்குள் இரண்டு விரலை நுழைக்கப் பார்த்தார். ஒன்றுதான் போனது.

"யாரு தச்சது இது?"

"உங்ககிட்ட வர முடியாம நாலு மாசமா எங்க போறது? பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருத்தர்," என்றார் டயர்க்காரர், தப்பு செய்தவர் போல.

மாஸ்டர் மஞ்சள் டேப்பைத் தன் கழுத்திலிருந்து எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டார். உள்ளே இரண்டு விரலை வைத்தார். எண் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.