ஏழாம் நம்பர் வண்டியும் ஒரு தேசிக்காயும்

1994 மார்ச் கடைசியிலிருந்து, ஓக்லாந்துக் கரையிலிருந்து படகில் ஐம்பது நிமிடத் தொலைவில் உள்ள ஒரு சின்னத் தீவில், ஏழாம் நம்பர் கோல்ஃப் வண்டி ஆளில்லாமலே ஓடத் தொடங்கியது. வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர், மேட்டில் ஒன்பது. தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கம் கேட்டுக்கொண்டது. சந்தேகப் பிராணிகள்; எதற்கு வம்பு, எழுதவில்லை. அங்கே நாற்பத்தொரு வீடுகள். கார் போகப் பாதை இல்லை, இருந்தாலும் விடமாட்டார்கள். படகுத்துறையிலிருந்து பால், மாவு, காஸ் சிலிண்டர், இடுப்பு முறிந்தவர், ஒருமுறை சவப்பெட்டி என எல்லாமே கோல்ஃப் வண்டியில்தான் போய்ச் சேரும். கோல்ஃப் ஆடத் தெரிந்தவர் மட்டும் ஒருவரும் கிடையாது.

பத்தொன்பது வண்டிகளுக்கும் பாட்டரி சார்ஜ் செய்து, தண்ணீர் ஊற்றி, பிரேக் பார்க்கும் வேலை ஏரம்பமூர்த்திக்கு. யாழ்ப்பாணத்து பஸ் டிப்போவில் மின்வேலை செய்தவர். ஓக்லாந்து நகரத்து லின்ஃபீல்டில் நான்கு குடும்பங்கள் ஒண்டியிருந்த வீட்டை விட்டு, மனைவி சுகந்தினியோடு வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரண்டறை வீட்டுக்கு வந்தார். மகள் பிரணவி கொழும்பில் பெரியம்மாவிடம் இருந்தாள். விசா இருவருக்குத்தான் கிடைத்தது. 1991இல் நான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நிரந்தர வேலை என்று சங்கம் ஒரு கடிதம் தந்தால் வதிவிட அனுமதி கிடைக்கும், அது கிடைத்தால் பிள்ளை வரும். சுகந்தினி ஒவ்வொரு தபால் படகையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நம்பர் புதிதாக வந்து இறங்கிய அன்று, ஏரம்பமூர்த்தி எந்த வாகனத்துக்கும் செய்வதைத்தான் அதற்கும் செய்தார். விபூதி பூசினார், கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார், நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்து வண்டியை முன்னே எடுத்தார். மூன்று நசுங்கின. பின் இடது சக்கரத்துத் தேசிக்காய் ஈரப் புல்லில் வழுக்கி, கொட்டகைக்கு அடியில் உருண்டுபோனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சுகந்தினி கவனித்தாள். நகரத்தில் நியூ லின் கடைகளுக்குப் போனால்கூட அந்த மாதத்தில் நல்ல தேசிக்காய் கிடைக்காது. எடுத்துத் துடைத்து, எட்டாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஜாம் போத்தலில் அடைத்தாள். சாமிக்கு வைத்ததைச் சட்டிக்கு எடுத்ததைப் பற்றிக் கணவரிடம் மூச்சும் விடவில்லை. நான்காம் நாள் வண்டி தன் பங்கைத் தேடிப் புறப்பட்டது.

தீவு முதலில் ஏரம்பமூர்த்தியைச் சந்தேகித்தது. ஒரு நண்பகலில் அவரைப் படகுத்துறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஆறு பேர் காவல் இருந்தார்கள். வண்டி தனியாக வந்து, அவர்களைச் சுற்றிவிட்டுப் போனது. பிறகு இருக்கையைத் தூக்கிக் கம்பி தேடினார்கள், பாட்டரிதான் இருந்தது. லின்ஃபீல்ட் தமிழர் மட்டும் சும்மா இருப்பார்களா? விசாவுக்காக மனுசன் விட்ட புளுகு என்றார்கள். வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றது. முன்விளக்கு கதவைப் பார்த்தபடி பத்து நிமிடம். உள்ளே இருப்பவர்கள், இதற்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். சங்கத் தலைவி ஹார்ப்பர் அம்மையார் 1989இல் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்தார். கடலை மறைத்து நின்ற போஹுடுகாவா மரத்துக்கு விஷம் வைத்தது யாரென்று அண்ணனும் தம்பியும் வாசலிலேயே கத்திக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் தீவில் யாரும் யாரையும் நம்பவில்லை. குளிர்காலம் முழுக்கத் திரைச்சீலைகள் மூடியே கிடந்தன.

செப்டம்பரில் ஏரம்பமூர்த்தியை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிச் சங்கம் கூடியது. அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்ற சுகந்தினி முன்னே வந்தாள். கடிதம் போனால் பிள்ளையும் போச்சு என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தேசிக்காய்க் கதை முழுவதையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். வண்டி தேடுவது தன்னைத்தான் என்றாள். ஒருவரும் நம்பவில்லை. வண்டி எதற்குத் தங்கள் வாசலுக்கு வந்ததென்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. இந்தப் பெண் தங்களைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவரை அனுப்ப விரும்புபவர்கள் கை தூக்கலாம் என்றார் ஹார்ப்பர் அம்மையார். முதலில் தூக்குபவர் வண்டிக்குப் பயந்தவர் ஆகிவிடுவாரே. ஒரு கையும் எழவில்லை. அந்த வாரமே நிரந்தர வேலைக் கடிதம் வந்தது.

வீட்டில்தான் வழக்கு. "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? நானும் ருசிச்சுச் சாப்பிட்டனே!" என்று ஏரம்பமூர்த்தி கத்தினார். பத்து நாள், தட்டில் விழுந்த எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டே சாப்பிட்டார். போத்தலில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிடலாம் என்றாள் சுகந்தினி. அவர் யோசித்தார். வண்டி நின்றால் பயம் தெளியும், பயம் தெளிந்தால் கை தூக்குவார்கள்.

"பிள்ளை வரட்டும், அதுக்குப் பிறகு வையும்."

சுகந்தினி வாசலில் நின்ற வண்டியின் கூரையைத் தொட்டு, "என்ர பிள்ளை வந்த அண்டைக்கே தாறன், பொறு" என்றாள். வண்டி பின்வாங்கி, அதற்கே உரிய பீப் சத்தத்தோடு போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மத்தியானத்தில் வந்து நின்றது. அவள் போத்தலைத் திறக்கவில்லை.

வதிவிட அனுமதி இழுபட்டு இழுபட்டு, 1997 பெப்ரவரியில்தான் பிரணவி வந்தாள். பத்து வயது. படகுத்துறையில் ஏழாம் நம்பர் காத்திருந்தது. அது தானே ஓடியதைப் பிள்ளை கண்டுகொள்ளவில்லை. அவளுடைய சந்தேகமெல்லாம் பக்கத்தில் இருந்த இருவர் மீதுதான். கையில் இருந்த போட்டோவைப் பார்ப்பதும் அவர்களைப் பார்ப்பதுமாக வந்தாள். போட்டோவில் அப்பாவுக்குத் தலைமயிர் நிறைய இருந்தது. அம்மா என்று கூப்பிடவில்லை. புட்டு வேண்டாம், நூடுல்ஸ் வேண்டாம், பால் வேண்டாம். பெரியம்மாவுக்கு போன் எடுத்துத் தரச் சொன்னாள். சுகந்தினி குசினியில் திரும்பி நின்று அழுதாள்.

மறுநாள் மத்தியானம் வெளியே வண்டி வந்து நின்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற, சுகந்தினி போத்தலைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு ஒரு வெற்றிலை எடுக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது பிரணவி வெறுஞ்சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கறுத்துப்போன அந்தக் கடைசித் துண்டு வாயில் இருந்தது. ஏரம்பமூர்த்தி எழுந்தே விட்டார். சுகந்தினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு மென்றாள், விழுங்கினாள், முதல்தடவையாகச் சுகந்தினியை நேராகப் பார்த்தாள்.

"இது அம்மாட ஊறுகாய்" என்றாள். "இன்னும் இருக்கோ?"

"இல்லையம்மா. போட்டுத் தாறன்."

வாசலில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பீப் சத்தத்தோடு பின்வாங்கிப் போனது. மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குத் திரும்பி வந்தது. பிரணவி புத்தகப் பையோடு ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவளைப் பள்ளிக்கூடப் படகுக்குக் கொண்டுபோய் விட்டது. அடுத்த நாளும் அதே நிமிடத்துக்கு வந்தது. ஹார்ப்பர் அம்மையார் அதைப் பார்த்துத் தன் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்.