முப்பத்தொரு பென்சில் புள்ளிகள்

1

காலை ஆறு மணிக்கு எழுந்தான். பல் விளக்கினான். இரண்டு கோப்பை தேநீர் போட்டான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஃபிரிட்ஜ் மேலிருந்த அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினான். வாசலுக்கு வந்த பிறகுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது. அட்டையைக் கழற்றி மறுபடி ஃபிரிட்ஜ் மேல் வைத்தான்.

(இரண்டு கோப்பை என்பது பொய். ஒன்றுதான். மனைவியை இழந்தவனைப் பற்றிய கதை என்றதும் கை தானாக இரண்டாவது கோப்பையை எடுத்து வைத்துவிட்டது. அதை அடித்துவிடுகிறேன்.)

இந்தக் கதை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாசகர் வட்டத்தின் மாத மடலுக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். தலைப்பு: 'எனக்குப் பிடித்த நாவல்'. எனக்கு அப்படி ஒன்று கிடையாது. 'நான்' என்று தொடங்கிய மூன்று வரைவுகள் இரண்டாவது வரியிலேயே படுத்துவிட்டன. 'அவன்' என்று எழுதினால் நகர்கிறது.

2

அது அவளுடைய வட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு, ஒரு பல் மருத்துவரின் மாடிக் காத்திருப்பு அறையில் பத்துப் பேர் கூடுவார்கள். ஒருவர் தனக்குப் பிடித்த நாவலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். மீதி ஒன்பது பேர் அதைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். மருத்துவர் அம்மாவுக்குக் காதல் கதைகள்தான் பிடிக்கும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பிணம் விழாத நாவலைத் தொடமாட்டார். அவருக்குத் 'துப்பறியும் சார்' என்றே பெயர்.

வட்டத்தில் ஒரே ஒரு சட்டம்: முடிவைச் சொல்லக் கூடாது.

அவன் ஒருநாளும் மாடி ஏறியதில்லை. லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் பொறியாளன். கல்லூரியை விட்ட பிறகு கையேடுகளைத் தவிர எதையும் படித்ததில்லை. அவள் வரும்வரை கீழே பைக்கில் உட்கார்ந்திருப்பான்.

அந்த ஆண்டுக்கான அட்டவணையை ஜனவரியிலேயே சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்டுக்கு நேரே அவள் பெயர். ஏப்ரலில் அவள் இறந்தாள். பெயரை யாரும் அடிக்கவில்லை. ஜூலைக் கடைசியில் மருத்துவர் அம்மா போன் செய்தார்.

"வேற யாரையாவது போடட்டுமாப்பா?"

"வேணாம்க்கா. நான் பேசறேன்."

"நீ நாவல் படிப்பியா?"

"படிச்சுடறேன்."

அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: அவளுக்கு எது பிடித்தது என்பதைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும். எனக்கும் அதுதான்.

3

அவள் கடைசியாகப் படித்துக்கொண்டிருந்தது வட்டத்துக்கு அப்போதுதான் வாங்கிய புத்தகம்; முதலில் எடுத்தவள் அவள்தான். அவன் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தான். ஒரு பெரிய குடும்பம் வீடு மாறுகிறது. நானூறு பக்கமும் வீடுதான் மாறுகிறது. அதைப் போல ஒரு நாவல் தான் படித்ததில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

[இந்த இடத்தில் அவன் ஏன் கேட்கவில்லை என்று ஒரு பத்தி எழுதினேன். அதில் எல்லாப் பழியையும் வேலைப் பளுவின் மேல் போட்டிருந்தேன். நீக்கிவிட்டேன்.]

புத்தகத்தின் ஓரங்களில், சில வரிகளுக்கு நேரே, பென்சிலால் வைத்த சின்னப் புள்ளிகள் இருந்தன. மொத்தம் முப்பத்தொன்று. கடைசிப் புள்ளி 212ஆம் பக்கத்தில். பிடித்த வரிகளுக்கு அவள் வைத்த அடையாளம் என்று முடிவு செய்தான். முப்பத்தொரு வரிகளையும், மின்சுற்று வரைபடத்தைப் படிப்பதுபோல, தலைகீழாகச் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்தான். 212ஐத் தாண்டவில்லை. அவளே தாண்டாத பக்கம்.

4

முதல் முறையாக மாடி ஏறினான். உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே பேசினான்.

"'கதவுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன.' இது அவளுக்குப் பிடிச்ச வரி. வீட்டுல எல்லாரும் போனப்புறமும் நாற்காலி ரெண்டும் காத்துக்கிட்டே இருக்கு. அதனால பிடிச்சிருக்கும்."

அடுத்த வரிக்குப் போனான்.

"'அலமாரி மாடிப்படியில் சிக்கிக்கொண்டது.' வாழ்க்கையைத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு நினைக்கிறேன்."

துப்பறியும் சார் இருமினார். அவன் விடவில்லை. பதினெட்டு வரிகளுக்குப் பொருள் சொன்னான். 'லாரிக்காரர் இன்னும் வரவில்லை' என்ற வரிக்கு மட்டும் மூன்று நிமிடம். சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்குள் மருத்துவர் அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து. அது பிடிச்ச இடம் இல்லப்பா. நிறுத்தின இடம்."

"என்னக்கா?"

"வட்டத்துப் புத்தகத்துல முனையை மடிக்கக் கூடாது. நடுவுல எழுந்து போகணும்னா ஒரு புள்ளி வைப்போம். எல்லாரும் அப்படித்தான். உனக்கு யாரும் சொல்லலையா?"

கீழே பைக்கில் உட்கார்ந்திருந்தவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"அவ சொல்லுவா," என்று மருத்துவர் அம்மா சிரிப்பும் அழுகையுமாகத் தொடர்ந்தார். "'நல்ல கட்டம் வந்தாப் போதும், கூப்பிடறதுக்குன்னே ஒருத்தனைக் கட்டிக்கிட்டிருக்கேன்க்கா'ன்னு."

முப்பத்தொரு முறை. துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, உப்பு எங்கே. அவள் புள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

"அப்போ அவளுக்குப் பிடிச்ச வரி எது?"

துப்பறியும் சார் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "தெரியாதுப்பா. இதுல ஒரு தடயமும் இல்ல. நீதான் முழுசா படிக்கணும். ஆனா சீக்கிரம். அடுத்த முறை என்னோடது. நாலு மாசமா வரிசையில நிக்கறேன்."

"பிணம் விழாதே சார் இதுல?"

"வயசாயிடுச்சு. இனிமே உயிரோட இருக்கறவங்களையும் கொஞ்சம் படிப்போமேன்னு."

"ஒரு மாசம் குடுங்க சார். இன்னும் நூத்தித் தொண்ணூறு பக்கம் இருக்கு."

"முடிவை மட்டும் இப்பப் பார்த்துட்டேன். சொல்லட்டா?"

"வாயைத் திறந்தீங்கன்னா இருக்கற பல்லையும் புடுங்கிடுவேன்," என்றார் மருத்துவர் அம்மா.

அவன் சிரித்தான். (சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருக்கலாம். இருக்கட்டும்.)

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், அவன் வீட்டுக்குப் போய் மீதியை ஒரே மூச்சில் படிக்கிறான். கூப்பிட யாரும் இல்லாததால் ஒரு புள்ளிகூட விழவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டாவதில், 213ஆம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. படித்ததும் அவளுக்கு இதுதான் பிடித்திருக்கும் என்று அவனுக்கு — இல்லை. அவள் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவதில், அவன் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறான், இந்த முறை புள்ளி இல்லாத வரிகளை மட்டும் — இதையும் பாதியில் விட்டேன். அவன் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். முடிக்காமல் விடமாட்டான். அதில் மட்டும் சந்தேகம் இல்லை. எங்கே போய் நிற்பான் என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் வட்டத்துச் சட்டம் இருக்கிறது. அதை உங்களிடமே விடுகிறேன்.

கடைசிப் புள்ளி மட்டும் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை. அவள் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டையைக் காணவில்லை என்று சமையலறையிலிருந்து கத்தினேன். பதினோரு மணிக்கு அவள் வேலை செய்த ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை.

அவள் கடைசியாகச் சொன்னது என்று இந்த வரைவுகளில் என்னென்னவோ எழுதினேன். ஒன்றில், பார்த்துப் போ என்றாள். இன்னொன்றில், நாவலிலிருந்து ஒரு வரி படித்துக் காட்டினாள். எல்லாம் நான் கட்டியது. அவள் உண்மையில் சொன்னது இது:

"ஃபிரிட்ஜ் மேலதான் இருக்கு. தேடிப் பார்த்துட்டுக் கூப்பிடக் கூடாதா?"